தஞ்சாவூர் நிலச் சீர்திருத்தம்

காவிரிப் படுகையில் குத்தகை, கூலி, நிலவுடைமை ஆகியவற்றை மாற்ற 1940கள் முதல் நடந்த போராட்டங்களையும் அவற்றையொட்டி வந்த சட்டங்களையும் இப்பெயர் குறிக்கும். மிராசுதார்களும் கோயில்களும் மடங்களும் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த கீழத்தஞ்சையில், சேற்றில் இறங்கியவர்கள் வாரக் குடிகளும் பண்ணையாட்களும். பண்ணையாட்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். சாணிப்பாலும் சவுக்கடியும் அவர்களுக்கான தண்டனை. 1943 முதல் பி. சீனிவாசராவ் கட்டிய விவசாயிகள் சங்கம் முதலில் ஒழிக்க முனைந்தது இவற்றைத்தான்.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ரயத்துவாரி மிராசுகளைத் தொடவில்லை. ராஜாஜி அரசின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் வாரக் குடிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதிசெய்தது. 1956இல் நன்செய்க்கு அது 60 சதவீதமானது. பண்ணையாட்களுக்கோ 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேர்மாறான பலன்: மிராசுதார்கள் பலர் கணக்குத் தீர்த்து அவர்களைத் தினக்கூலிகளாக்கினர்.

1961ஆம் ஆண்டின் உச்சவரம்பு ஐவர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர், 1970இல் 15. சட்டம் வருவதற்குள் நிலம் உறவினர், பினாமி, அறக்கட்டளை பெயர்களுக்குப் போய்விட்டது. மாநிலம் முழுவதிலும் உபரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர்தான்.

விளைச்சல் பெருகியதும் நிலப் பங்கீட்டால் அல்ல. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் திட்டமும் ஆடுதுறை 27 நெல்லும் அதைப் பெருக்கின. கூடிய விளைச்சலுக்கேற்பக் கூலி கேட்டார்கள் தொழிலாளர்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அந்தத் தகராறின் உச்சம் கீழ்வெண்மணி: 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அதிகம் பேசப்படாத 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டமே தொழிலாளர் வாழ்வை மிகுதியாக மாற்றியது எனலாம். அதுவரை குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். மனை சொந்தமானபின் அந்த மிரட்டல் செல்லவில்லை. சில சென்ட் நிலம் தந்த துணிவை உச்சவரம்புச் சட்டம் தரவில்லை.

வயல் மட்டும் கைமாறவில்லை. 1981இல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு, மிராசுதார்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கித் தாழ்த்தப்பட்ட பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தது. சட்டத்தால் எடுக்க முடியாததைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது.