தியேட்டர் திரையிலிருந்து ஓடுபாதை வரை

1990களின் கடைசியில் சென்னைத் தியேட்டர்களில் படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி மறந்திருக்காது. பாட்டுக் காட்சியில் கதாநாயகி இந்தப் பக்கம் திரும்புவாள். மூக்கு நுனியில் புள்ளி வந்து உட்காரும். நெற்றிக்கு ஏறும், கீழே இறங்கும், விசில் பறக்கும். "எவன்டா அவன்?" என்று யாராவது எழுந்து கத்தினால் புள்ளி அவர் சட்டைக்குத் தாவும். பர்மா பஜாரில் சாவிக்கொத்தோடு விற்ற சாமான் அது, லேசர் சுட்டி. விரல் நீளத்தில் ஒரு குழல், உள்ளே பொத்தான் பேட்டரிகள், முனையில் மாட்ட நாலைந்து மூடிகள். ஒரு மூடிக்குப் புள்ளி இதயமாகும், இன்னொன்றுக்கு மண்டை ஓடாகும். பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த என் மேசை இழுப்பறையில், பறிமுதல் செய்தவை எப்போதும் சில கிடக்கும்.

இந்தச் சாமானின் கதையை நான் விலையை வைத்துத்தான் சொல்வேன். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹ்யூஸ் ஆய்வுக்கூடத்தில், தியோடர் மேமன் செயற்கை மாணிக்கத் தண்டைச் சுருள் ஃபிளாஷ் விளக்குக்குள் வைத்து முதல் லேசரை இயக்கினார். அந்த ஆரம்ப நாட்களில் லேசரின் வலுவை, எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கிறது என்று பார்த்து, "இத்தனை ஜில்லெட்" என்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டார்களாம். அடுத்து வந்த ஹீலியம்-நியான் லேசருக்குக் கண்ணாடிக் குழாயும் உயர் மின்னழுத்தமும் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் பூட்டி வைக்கிற பொருள். 1982இல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்ததும் எல்லாம் மாறியது. ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் கடுகளவில் ஒரு டயோடு லேசர். கோடிக்கணக்கில் செய்யச் செய்ய விலை சரிந்தது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சிவப்பு டயோடும் பின்னாலேயே மலிந்தது. 1980களில் கருத்தரங்குப் பேச்சாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய சுட்டி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிள்ளைகளின் கால்சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. 1997 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் (அங்கே லேசருக்கும் அதுதான் அதிகாரி) இது பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருளல்ல என்று எச்சரித்தது.

வெளிச்சம் விழித்திரையைப் பொசுக்கும் என்பது லேசருக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1945 ஜூலையில் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மாணவர் ஒருவரின் கண்ணை, ஹாம்பர்க்கில் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத் என்ற இளம் மருத்துவர் சோதித்தார். விழித்திரையில் இருந்த தீத்தழும்பு அவருக்கு வேறொரு யோசனையைக் கொடுத்தது: இதையே அளவோடு செய்தால், பிய்ந்துவருகிற விழித்திரையை ஒட்டவைக்கலாமே! சூரிய ஒளியை ஆடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தியே அவர் அதைச் செய்து பார்த்தார். 1961 டிசம்பரில் நியூயார்க்கில் மாணிக்க லேசரால் ஒருவரின் விழித்திரைக் கட்டியைக் கருக்கினார்கள். இன்று நம் ஊரில் சர்க்கரை நோய் முற்றியவர்களிடம் கண் டாக்டர் "லேசர் வைத்துவிடலாம்" என்கிறாரே, அதன் பாட்டன் இதுதான்.

டாக்டர் அளந்து வைக்கிறார். சுட்டியை ஆட்டுகிறவன் அளப்பதில்லை. லேசர் சிதறாமல் இணையாக வருவதால், கண்ணின் லென்ஸ் அதை மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குவித்துவிடும். செறிவு சுமார் லட்சம் மடங்கு கூடும். விழித்திரைக்கோ வலி தெரியாது. ஒரு மில்லிவாட் வரை பரவாயில்லை என்று விதிகள் சொல்வது இமையை நம்பித்தான். கூசினால் அது கால் நொடியில் மூடிக்கொள்ளும். பந்தயம் கட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கிற பையனிடம் அந்தக் கணக்கு செல்லாது.

2000ஐ ஒட்டிப் பச்சைச் சுட்டி வந்தது. ஒரே வலுவுள்ள சிவப்பைவிட நம் கண்ணுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு பிரகாசம். சிவப்பு புள்ளியாக மட்டும் தெரியும்; பச்சையோ காற்றில் சிதறி, கையிலிருந்து வானம் வரை கோடாகவே நிற்கும். பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற எனக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்ததில்லை. திருவாதிரை எது, கார்த்திகை எது என்று நூறு பேர் ஒரே நேரத்தில் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் அதன் வயிற்றுக்குள் இருப்பது அகச்சிவப்பு. 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அது 1064 நானோமீட்டர் கதிரை உமிழ, இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 பச்சையாகத் தருகிறது. மிச்ச அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் கைவைப்பது அதில்தான். 2010இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஆய்வாளர்கள் ஒரு மலிவுச் சுட்டியைச் சோதித்தபோது, பச்சையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அகச்சிவப்பு வந்தது. அதற்கு இமையும் மூடாது. பிறகு 122 சுட்டிகளைச் சோதித்ததில், பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் விதியை மீறியிருந்தன. லேபிளில் அச்சடித்திருக்கும் மில்லிவாட்டை நான் நம்புவதில்லை.

வானத்துக்கு வருவோம். 1995 அக்டோபர் 13 அன்று வியன்னாவில், கண்ணைக் குருடாக்கவே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்பாடு ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதே மாதம் 30ஆம் தேதி லாஸ் வேகாஸில் கிளம்பிய பயணிகள் விமானத்தின் துணை விமானி, ஹோட்டல்கள் நடத்திய லேசர் கேளிக்கையின் கதிர் பட்டுப் பார்வை தடுமாற, கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். போர்க்களத்துக்குக் கூடாதென்று விலக்கிய கண்கூச்சம், அந்த மாதமே சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையிலிருந்து வந்தது. சில வாரங்களில் அங்கே திறந்தவெளி லேசர் காட்சிகளை நிறுத்தினார்கள்.

கேளிக்கை நடத்துகிற ஹோட்டலுக்கு விலாசம் உண்டு. மொட்டை மாடியில் சுட்டியோடு நிற்கிறவனுக்கு இல்லை. அவன் கையில் உள்ள கதிர் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அந்தத் தூரத்தில் பெரும்பாலும் விழித்திரை வேகாது. தொல்லை வேறு. விமானத்தின் முன்கண்ணாடியில் உள்ள கீறலும் தூசியும் அந்த ஒளியைச் சிதறடித்து, விமானி அறையையே பச்சையாக்கிவிடும். இருட்டுக்குப் பழகிய கண், ஓடுபாதை விளக்குகளைத் தேடிக்கொண்டிருக்கும் கடைசி நிமிடங்களில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதை போயிங் 727 சிமுலேட்டரில் விமானிகளை உட்கார்த்திவைத்தே சோதித்து, 2004இல் அறிக்கை வெளியிட்டது. அங்கே 2005இல் விமானிகளிடமிருந்து வந்த லேசர் புகார்கள் சுமார் 300. 2010இல் 2,836. 2023இல் 13,304. இடையில் 2012இல் ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

2008 மார்ச்சில் சிட்னியில், இறங்கிக்கொண்டிருந்த ஆறு விமானங்கள்மீது ஒரே நேரத்தில் பல பச்சைக் கதிர்களைப் பாய்ச்சினார்கள். ஆஸ்திரேலியா அந்த ஆண்டே ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட சுட்டிகளின் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்று ஆக்கியது. வானம் பார்க்கும் சங்கத்துக்காரர்களும் மனு எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. எங்கள் இனம் அங்கே முணுமுணுத்திருக்கும். ஆனாலும் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டே ஆண்டில், புரொஜெக்டருக்கென்று செய்த நீல டயோடுகளை எடுத்து, ஒரு வாட் வலுவுள்ள கைச்சுட்டியை 200 டாலருக்கு ஒரு கம்பெனி விற்க ஆரம்பித்தது. பார்க்க ஸ்டார் வார்ஸ் ஒளிவாள் மாதிரி இருக்கிறது என்று லூகாஸ் ஃபிலிம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கண்ணைப் பற்றியல்ல, பதிப்புரிமையைப் பற்றி!

சென்னையிலும் 2025இல், இறங்க வந்த விமானத்தின்மீது பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் ஒளி பட்டதாக விமானி புகார் செய்தார். நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. விமானிகளைக் குழப்பும் விளக்குகளுக்கு எதிராக 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 66ஆம் விதி இருந்தது; மேமன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. புகார் வந்தால் போலீஸ் மாடி மாடியாக ஏறித் தேடுகிறது. அதற்குள் சுட்டி யார் சட்டைப் பையில் இருக்கிறதோ! அது எத்தனை மில்லிவாட் என்று கடையிலோ துறைமுகத்திலோ அளந்து பார்த்தவர் எவரும் இருக்க மாட்டார். நான் குடியிருக்கும் பம்மல், விமானம் தாழப் பறக்கும் வட்டாரம். இங்கே என் பச்சைச் சுட்டியை வெளியே எடுப்பதில்லை. ஏலகிரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது மட்டும் பையில் போட்டுக்கொள்கிறேன். "நாங்களும் ஒன்று வாங்கட்டுமா சார்?" என்று கேட்கும் பெற்றோருக்கு, அந்தக் காசில் பைனாகுலருக்கு உண்டியல் வையுங்கள் என்பதே என் பதில்.