வெண்சூட்டில் உடைந்த உருக்கு

டமாஸ்கஸ் வாள் பற்றிய காணொளி ஒன்றை அனுப்பிய நண்பர், "இதெல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே?" என்று கேட்டிருந்தார். திருப்பதியில் உலோகவியல் ஆய்வு செய்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்வி. ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே இந்த நீண்ட பதிவு.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சித்தூர்க் கடைத்தெருவில் தமிழர் உருக்கு என்பதைத் தெலுங்கர் உக்கு என்பர்; கன்னடரும் அவ்வாறே. ஆங்கில ஏடுகளில் காணும் 'ஊட்ஸ்' இந்த உக்கின் திரிபு என்பதே அறிஞர் பலரின் கருத்து. இரும்புத் துண்டுகளோடு மரக்குச்சியும் இலையும் இட்டு, மண்மூசையின் வாயை அடைத்து, துருத்தி ஊதி உருக்கி, மெல்லக் குளிரவிட்டுக் கட்டியாக எடுப்பர். தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்த மூசைத் துண்டுகள் அத்தொழிலின் சான்று. கட்டிகள் பாரசீகம் வரை சென்றன. புகழ்பெற்ற வாள்கள் பலவும் அங்கே அடிக்கப்பட்டவை.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் இக்கட்டிகளை லண்டனில் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் ஆய்வுரை வெளியிட்டார். பின்னர் இளைஞர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். ஆனால் ஐரோப்பியக் கொல்லர் பலர் ஓரிடத்தில் இடறினர். கரி குறைந்த தம் இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகிய கை, உருக்கையும் அவ்வாறே காய்ச்சியது. சம்மட்டி விழுந்ததும் கட்டி நொறுங்கியது.

காரணம் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. எந்த உலோகமும் கண்ணுக்குப் புலப்படாத படிக மணிகளின் தொகுதி. ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரி கொண்ட உருக்கு மெல்லக் குளிரும்போது, மணிகளின் எல்லையெங்கும் சிமென்டைட் என்னும் கடினமான, நொறுங்கும் சேர்மம் வலைபோல் படிகிறது. வெண்சூட்டில் அவ்வெல்லைகளே முதலில் உருகத் தொடங்கும், அடி தாங்காது. மங்கிய செஞ்சூட்டில், ஏறத்தாழ 700 முதல் 850 பாகை வரை, பொறுமையாகப் பலமுறை காய்ச்சி அடித்தால் கதை வேறு. வலை அறுந்து சிறு உருண்டைகளாகச் சிதறும். நசுங்கிய பழைய மணிகளின் ஓரங்களில் புதிய நுண்மணிகள் பிறக்கும். இதனையே மறுபடிகமாதல் என்கிறோம். சிதறிய உருண்டைகள் அம்மணிகளின் எல்லைகளைப் பற்றிக்கொண்டு, அவை மீண்டும் பருத்துவிடாமல் தடுக்கும். கடினமும் உறுதியும் ஒருசேர வாய்ப்பது இவ்வாறே.

1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஓலெக் ஷெர்பி, ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த் முதலியோர் மிகுகரி எஃகை இத்தகைய வெப்பநிலையில் உருட்டி, மணிகளை ஒரு மைக்ரான் அளவுக்குக் குறைத்தனர். அந்த எஃகு செஞ்சூட்டில் இழுக்க இழுக்கப் பல மடங்கு நீண்டது. தம் எஃகு, கலவையில் டமாஸ்கஸ் வாளை ஒத்தது என்பது அவர்கள் பின்னரே உணர்ந்தது.

அப்படியானால் நம் கொல்லர் மறுபடிகமாதலை அறிந்திருந்தாரா? இல்லை. நுண்ணோக்கியின்றி அறிய வழியில்லை. அறிந்திருந்தார் என முழங்குவது அவருக்குப் பெருமை சேர்க்காது. அவர் அறிந்தது நிறத்தை. ஆய்வகத்தில் வெப்பமின்னிரட்டை கொண்டு நான் அளக்கும் வெப்பநிலையை, அவர் உலையின் செம்மையில் படித்தார்.

அந்தக் கண்ணே பிறகு வேலையிழந்தது. மலிவான இறக்குமதி இரும்பு ஒருபுறம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மறுபுறம். 1882இல் வந்த சென்னை வனச் சட்டத்தின்பின் உலைக்குரிய அடுப்புக்கரியும் அரிதாயிற்று. எழுதிவைக்கப்படாத அறிவு, தொழில் நின்றதும் நின்றுபோயிற்று.

சென்ற மாதம் சித்தூரில் அரிவாள் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம், எந்த நிறத்தில் அடிப்பீர்கள் என்று கேட்டேன். லாரிப் பட்டையைத் துருத்தியில் காட்டியபடியே, "வெள்ளை ஏறுச்சுன்னா இரும்பு செத்துடும் தம்பி" என்றார். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் அந்த ஒரு வரியின் விரிவுரை.

ஆகவே நண்பருக்கு என் விடை: போனது வாள் அன்று, எந்தச் சிவப்பில் சம்மட்டியை ஓங்கவேண்டும் என்ற தெளிவு. உங்கள் ஊரில் உலை இன்னும் எரிகிறதென்றால், ஒருமுறை சென்று அவரிடம் கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள்.