புகையோடு போன பலம்: இரட்டை டர்போவின் பயணம்

இரட்டை டர்போ பெட்ரோல் இன்ஜின் என்றால் கார்ப் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி அதன் பாய்ச்சலைப் புகழும். இன்னொரு கட்சி, சில வருடம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் வரும் பில்லைச் சொல்லிப் பயமுறுத்தும். இரண்டு கட்சிக்கும் சான்றுகள் உண்டு. அவற்றைத் தேடிப் பின்னோக்கிப் போனால், கடற்கரையே இல்லாத ஒரு நாட்டில் பிறந்து, கப்பல் இன்ஜின்களுக்குப் பலம் கூட்டிய ஒரு பொறியாளரிடம் போய்ச் சேருவோம்.

அவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி. எரிபொருளின் ஆற்றலில் கணிசமான பங்கு புகையோடு வெளியேறி வீணாகிறது. அந்தப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ள முடியுமா? முடியும் என்று, இந்த டர்போ யோசனைக்கு 1905இல் காப்புரிமை கேட்டார். கைகூட இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்கள், டர்போவின் தயவில் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்குத் தாவின.

இதற்கிடையே முதல் உலகப் போர் டர்போவை ஆகாயத்துக்கு இழுத்துக்கொண்டது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். விமான இன்ஜின் மூச்சுத் திணறும். பிரான்ஸில் ஒகுஸ்த் ராத்தோ என்ற பொறியாளர் இதற்கு டர்போவைப் பயன்படுத்திப் பார்த்தார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோனார். உயரம் 14,000 அடிக்கு மேல். சமதளத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அங்கே 230தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356!

இரண்டாம் உலகப் போரில் வந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தில் ஒவ்வொரு பெட்ரோல் இன்ஜினுக்கும் இரண்டு டர்போக்கள். இன்று பளபளப்பான விளம்பரங்களில் பார்க்கும் ஏற்பாடு அன்றே பறந்திருக்கிறது. ஆனால் அந்த இன்ஜின்கள் சூடேறித் தீப்பிடிப்பதில் பேர் போனவை.

தரைக்கு வந்த டர்போவைச் சின்னச் சின்ன விஷயங்கள் கவிழ்த்தன. 1952 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில், கம்மின்ஸ் டீசல் கார் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது. பந்தயத்தில் பாதியிலேயே நின்றது. பாதையில் உதிர்ந்த டயர் ரப்பர் துகள்கள் டர்போவின் காற்று வாயை அடைத்துவிட்டன.

1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போவோடு விற்பனைக்கு வந்தது. அழுத்திய காற்றால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து இன்ஜின் தட்டும் என்பதால், மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பச் சொன்னார்கள். பெட்ரோல் போட மறக்காதவர்கள் இதை மறந்தார்கள். தொட்டி காலியானால் கார் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். புகார்கள் குவிந்ததும், டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித்தரும் நிலைக்கு நிறுவனம் வந்தது.

பந்தய உலகம் இத்தகைய தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளும்; ஒரு பந்தயம் முடியும்வரை தாங்கினால் போதும். 1973இல் போர்ஷே 917/30, இரட்டை டர்போவோடு 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. 1977இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்த ரெனோ அடிக்கடி புகைந்து நின்றதால் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்ற கேலிப்பெயர் வாங்கியது. ஒரு டர்போவுக்குப் பதில் இரண்டு சின்ன டர்போக்களை மாட்டிய 1979இல்தான் பிரான்ஸின் திஜோனில் அதன் முதல் வெற்றி கிட்டியது. சின்னச் சக்கரம் விரைவாக வேகமெடுக்கும். மிதித்த பிறகு காத்திருக்கும் நேரம் குறையும்.

இந்த இரட்டை டர்போவைச் சாலைக்குக் கொண்டுவந்தது இத்தாலியின் வரிச்சட்டம். 2 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின்களுக்கு அங்கே வரி ஏறக்குறைய இரட்டிப்பு. மஸெராட்டியை நடத்திய அலெஹாந்த்ரோ டி டொமாஸோ, 2 லிட்டருக்குள் பெரிய இன்ஜினின் பலத்தை அடைக்க இரட்டை டர்போவைத் தேர்ந்தார். 1981 டிசம்பரில் அறிமுகமான பைடர்போதான் இரட்டை டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார். தொடக்கத்தில் நன்றாகவே விற்றது. பிறகு அதன் கோளாறுகள் அதன் பெயரையே கெடுத்தன.

அந்தக் காலத்து டர்போக்கள் கெட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பெட்ரோல் புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டக்கூடும். விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கும். பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். டர்போ இரண்டு என்றால் இந்த ஆபத்தும் இரண்டு. பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்ட பிறகே நிலைமை சீரானது. இன்றும் இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டு அணையுங்கள் என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வது சரியான அறிவுரை.

மஸெராட்டியும் ஃபெராரியின் எஃப்40உம் பூட்டிய டர்போக்கள் ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனத்துடையவை. 1853இல் கப்பல் கட்டும் தளமாகத் தொடங்கிய நிறுவனம் அது! கப்பலில் கைகூடிய கருவியைக் கப்பல் கட்டியவர்களே இத்தாலியப் பந்தயக் குதிரைகளுக்கு மாட்டினார்கள்.

ஜப்பானியக் கார் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 1989இல் நிஸான் தன் இரட்டை டர்போ ஆர்பி26 இன்ஜினை ஸ்கைலைன் ஜிடி-ஆரில் பொருத்தியது. அதன் 2.6 லிட்டர் அளவு பந்தய விதிகளைப் பார்த்துத் தீர்மானித்தது. எடை குறைய டர்போ சக்கரத்தைப் பீங்கானில் செய்தார்கள். அழுத்தத்தை வரம்பு மீறிக் கூட்டியவர்களிடம் அது நொறுங்கியது. 1991இல் டொயோட்டாவின் இரட்டை டர்போ இன்ஜினான 2ஜேஇசட் வந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொண்டு 280 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்றிருந்த காலம். ஆனால் உள்ளே கனத்த வார்ப்பிரும்பு பிளாக், ஏழு பேரிங்குகளில் அமர்ந்த உறுதியான கிராங்க் ஷாஃப்ட். தேவைக்கு மேல் பலமாகக் கட்டியிருந்தார்கள். இந்த மிகையான பலத்தால்தான் அது இன்றும் போற்றப்படுகிறது என்பது என் எண்ணம். ஆச்சரியம் என்னவென்றால், பலத்தைப் பல மடங்கு கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் கழற்றுவது அதன் இரண்டு டர்போக்களைத்தான். ஒரே ஒரு பெரிய டர்போவை மாட்டிக்கொள்கிறார்கள்.

2006இல் பிஎம்டபிள்யூவின் என்54 வந்தது. 3 லிட்டர், இரண்டு சின்ன டர்போ, 306 குதிரைத்திறன். ஆண்டின் சிறந்த இன்ஜின் என்ற சர்வதேச விருதை இரண்டு முறை வென்றது. அதன் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பு சொதப்பியதால் 2010இல் அமெரிக்காவில் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கிராங்க் ஷாஃப்டும் பிஸ்டனும் தாங்கின, பம்பு தாங்கவில்லை. 2009இல் அதன் வாரிசாக வந்த என்55 ஒற்றை டர்போவுக்குத் திரும்பிவிட்டது. 2ஜேஇசட் இன்ஜினால் புகழ்பெற்ற சூப்ரா காரை 2019இல் டொயோட்டா மீண்டும் கொண்டுவந்தபோது அதில் இருந்ததும் பிஎம்டபிள்யூவின் ஒற்றை டர்போ இன்ஜின்தான்.

டொயோட்டாவின் இரட்டை டர்போவோ இன்று பெரிய பிக்-அப்களிலும் எஸ்யூவிகளிலும் உழைக்கிறது. 2024இல் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. பழி டர்போ மேல் இல்லை. இன்ஜின் பாகங்களைக் கடைந்தபோது உதிர்ந்த துகள்கள் முழுதாகத் துடைக்கப்படாமல் உள்ளேயே தங்கி, பேரிங்குகளைக் கெடுக்கக்கூடிய நிலை. இதற்குக் கம்பெனி சொன்ன பரிகாரம், இன்ஜினையே புதிதாக மாற்றித் தருவது.