தரை தொட்ட சமன்பாடுகள்: வடகடல் உயிர்ச்சூழல் மாதிரிகளின் வளர்ச்சி வரலாறு

முன்னுரை

ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம்வரை நீளும் கண்டத்திட்டுக் கடல்கள் உலகக் கடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் உலகின் மீன்பிடிப்பில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. ஆறுகள் சுமந்துவரும் உரமும் கழிவும் முதலில் சேர்வதும் இங்கேதான். இக்கடல்களின் உயிர்ச்சூழலைக் கணக்கால் விளக்கும் முயற்சி எப்படி வளர்ந்தது என்பதை, வடகடலை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கணினியின் வேகம் கூடக்கூட மாதிரிகளும் செம்மையடைந்தன என்பது பரவலான எண்ணம். வேகம் பெரிதும் உதவியது. எனினும், மேல்நீரோடு நின்றிருந்த கணக்கு படிப்படியாகக் கடலின் அடித்தரைவரை இறங்கியதே இவ்வரலாற்றின் திருப்பங்களை உண்டாக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. கையால் போட்ட கணக்கு

ஆங்கிலக் கால்வாயில் ஹார்வியும் அவர் குழுவினரும் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, தாவர மிதவையுயிரிகளின் தொகை மேய்ச்சலால் எப்படி மாறுகிறது என்பதை ரிச்சர்ட் ஃபிளெமிங் 1939இல் சமன்பாடாக எழுதினார். அதை விரித்தவர் கார்டன் ரைலி. அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஜார்ஜஸ் பேங்க் என்ற மீன்வளத் திட்டைப் பற்றி 1946இல் அவர் வெளியிட்ட கணக்கு ஒரு வரவுசெலவுக் குறிப்பைப் போன்றது. ஒளிச்சேர்க்கை வரவு, சுவாசமும் மேய்ச்சலும் செலவு. ஒளி, வெப்பநிலை, பாஸ்பேட், நீர் கலக்கும் ஆழம், மேயும் உயிரிகளின் அளவு ஆகியவற்றிலிருந்து இவற்றைக் கணித்தார். கணினியின் துணையின்றி வரைந்த அந்த ஆண்டு வளைகோடு, கடலில் அளந்ததோடு நன்கு ஒத்துப்போனது.

ஆனால் அந்தக் கணக்கில், அடித்தரையில் வாழும் சிப்பிக்கும் புழுவுக்கும் இடமில்லை. மேலிருந்து விழும் இறந்த உயிர்ப்பொருள் என்ன ஆகிறது என்ற கேள்வியும் எழவில்லை.

2. ஓதமும் உராய்வும்

அபர்டீன் கடல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ஸ்டீல், வடகடலின் வடபகுதியை இரண்டு அடுக்குகளாகக் கொண்டு, கீழ்நீரிலிருந்து ஊட்டச்சத்து மேலேறுவதை 1958இல் கணக்கில் சேர்த்தார். அவருடைய 1974ஆம் ஆண்டு நூல், பாசி முதல் மீன்வரையிலான உணவு வலையைக் கணினிக் கணக்குக்கு உட்படுத்தியது.

அதே 1974இல் சிம்ப்சனும் ஹன்டரும் ஐரிஷ் கடலில் ஓர் எளிய விதியைக் கண்டார்கள். கோடை வெயில் மேல்நீரைச் சூடாக்கி நீரை அடுக்குகளாகப் பிரிக்க முனைகிறது. ஓதநீரோட்டமோ தரையில் உராய்ந்து அடுக்குகளைக் கலைக்கிறது. நீரின் ஆழத்தை ஓட்ட வேகத்தின் மும்மடியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே எது வெல்லும் என்பதைச் சொல்லிவிடும். வேகம் இருமடங்கானால் கலக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். பிங்ரியும் கிரிஃபித்ஸும் 1978இல் கணினி ஓத மாதிரியைக் கொண்டு பிரிட்டனைச் சுற்றிலும் அடுக்குநீருக்கும் கலந்த நீருக்கும் இடையிலான எல்லைகளை வரைந்தனர். அடுக்குகள் கலையும்போது கீழ்நீரின் ஊட்டச்சத்து மேலேறுவதால், தரை முதன்முதலில் உராய்வின் வடிவில் உயிர்ச்சூழல் கணக்குக்குள் வந்தது.

3. சேற்றின் வருகை

பிரிட்டனின் செவர்ன் கழிமுகத்தின் குறுக்கே ஓத மின்னுற்பத்தி அணை கட்டலாமா என்ற விவாதம் 1970களில் வலுத்தது. அணையால் உயிர்ச்சூழல் எப்படி மாறும் என்பதை அறிய, பிளிமத்தில் ஜெம்பேஸ் என்ற மாதிரி உருவானது. கலங்கிய நீரில் ஒளி குறைவதும், தரைவாழ் உயிரிகள் நீரை வடித்து உண்பதும் அதில் இடம்பெற்றன. நெதர்லாந்து–ஜெர்மனி எல்லையிலுள்ள எம்ஸ் கழிமுகத்தில் நீர் வற்றும்போது சேற்றுத்தரை பரந்து வெளிப்படும். பரெட்டா, ருவார்டெய் ஆகியோர் தொகுத்து 1988இல் வெளியான அக்கழிமுக மாதிரி, நீரையும் சேற்றையும் சமமாக நடத்தியது. நீரில் விளைவது சேற்றுக்கு உணவு. சேற்றில் சிதைவது மீண்டும் நீருக்கு உரம்.

4. எர்செம்: கொள்கை கேட்ட கேள்வி

1981 முதல் 1983 வரை ஜெர்மன் வளைகுடாவில் அடிநீர் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்து, மீன்களும் தரைவாழ் உயிரிகளும் மடிந்தன. உரத்தால் பெருகும் பாசி மடிந்து அழுகும்போது ஆக்சிஜனைத் தீர்ப்பதால், 1987இல் லண்டனில் கூடிய வடகடல் நாடுகள், பாதிப்புள்ள பகுதிகளுக்குச் செல்லும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் 1985 அளவிலிருந்து 1995க்குள் பாதியாகக் குறைக்க இசைந்தன. உரம் பாதியானால் பாசியும் பாதியாகுமா?

ஐரோப்பிய நிதியுதவியுடன் 1990இல் தொடங்கிய எர்செம் மாதிரி இக்கேள்விக்கும் விடை தேடியது. வடகடல் முதலில் 15 பெட்டிகளாகவும், பின்னர் 130 பெட்டிகளாகவும் பிரிக்கப்பட்டது. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கான் ஆகியவற்றின் பயணம் தனித்தனியே பின்தொடரப்பட்டது. கிடைத்த விடை நேர்விகிதமாக இல்லை. குறைப்பின் பயன் ஆற்றுமுகங்களை அடுத்த கரையோரத்தில் தெளிவாகத் தெரிந்தது. திறந்த கடலில் மங்கியது. சேறு பாஸ்பேட்டைச் சேமித்துப் பிறகு விடுகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு உரக் குறைப்பின் விளைவைக் கணிக்க முயன்றால் விடை தவறிவிடும்.

5. நம்பகத்தின் எல்லை

2000க்குப் பின் எர்செம் முப்பரிமாண நீரோட்ட மாதிரிகளோடு இணைந்தது. பெட்டிகளின் இடத்தில் 7 கிலோமீட்டர் கட்டங்கள் வந்தன. ஆயினும் 1990 முதல் 2002 வரை வெளியான 153 நீர்நிலை மாதிரிகளை ஆர்ஹான்டிட்சிஸும் பிரெட்டும் 2004இல் ஒப்பிட்டபோது, வெப்பநிலையை நன்கு கணித்தவை மிதவையுயிரிகளில் தடுமாறியது தெரிந்தது. கட்டத்தின் அளவைச் சுருக்கினால் மட்டும் இக்குறை தீராது.

முடிவுரை

உராய்வு, சேறு, நுண்ணுயிர் என ஒவ்வொரு படியிலும், அதுவரை விடுபட்டிருந்த ஒன்றை யாரோ கடலுக்குச் சென்று அளந்த பின்னரே சமன்பாடு முன்னேறியிருக்கிறது. பிளிமத் அருகே எல்4 நிலையத்தில் 1988 முதல் வாரந்தோறும் தொடரும் மிதவையுயிரி அளவீடு அத்தகைய உழைப்புக்குச் சான்று. அடித்தரைக்கும் அதே பொறுமை தேவை. அளவெடுக்கும் படகு நின்றுவிட்டால், எவ்வளவு விரைவான கணினியும் பழைய சேற்றையே கணித்துக்கொண்டிருக்கும்.