திரையை விட நீளமான கட்டளை

பி.காம் படிக்கிறவனுக்கு யூனிக்ஸ் வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. கல்லூரி லேபில் பழைய அழிப்புக் கட்டளை ஒன்றைத் திரும்ப வரவழைத்து, அதன் முன்பாதி தெரியாமலே என்டர் தட்டி, ஒரு செமஸ்டர் கணக்குகளைத் தொலைத்தவன் நான். ஆர்வம் அங்கே தொடங்கியது.

1983-ல் பெல் ஆய்வகத்தின் டேவிட் கார்ன், கார்ன் ஷெல்லை அறிமுகப்படுத்தினார். அக்கால டெர்மினல்களில் பொதுவாக வரிக்கு 80 எழுத்துகள்தான். (அதுவும் ஐபிஎம் துளை அட்டை விட்டுச்சென்ற சொத்து!) கர்சரை மேல் வரிக்கு ஏற்றத் தெரியாத டெர்மினல்களும் இருந்தன. எனவே கட்டளை நீண்டால் கார்ன் ஷெல் அதை ஒரே வரியில் வைத்து, ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் பக்கவாட்டில் நகர்த்தியது. வரிக் கடைசியில் > இருந்தால் வலப்பக்கம் மிச்சம் இருக்கிறது, < என்றால் இடப்பக்கம், * என்றால் இரண்டு பக்கமும்.

என் திரையிலும் அன்று < இருந்தது. கை தவறி எதையோ அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989-ல் வந்தது. அதிலுள்ள ரீட்லைன், நாம் மாற்றாதவரை, நீளமான கட்டளையை மடித்து அடுத்த வரியில் காட்டும். திரை அலங்கோலமாகும்தான். எனக்கு அதுவே போதும்.