பழைய கட்டட மரம்: மறுபயன்பாடு

இடிக்கும் அல்லது புதுப்பிக்கும் கட்டடங்களிலிருந்து கழற்றிய மரத்தை மீண்டும் கட்டுமானத்துக்கும் தச்சு வேலைக்கும் எடுத்துக்கொள்ளுதல். புதுச்சேரியின் பழைய தமிழர் வீடுகளில் திண்ணைத் தூண், நிலை, கதவு ஆகியவையும், பிரெஞ்சுக் காலக் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் தாங்கும் உத்திரங்களும் இவ்வாறு கிடைக்கின்றன. பர்மா (இன்றைய மியான்மர்) தேக்குக்கு மதிப்பு அதிகம். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தபின் பழைய மரத்தின் அருமை கூடியது.

உத்திரத்தில் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனைதான். ஈரம் அங்கேதான் தங்கும். முனையை அறுத்துவிட்டு, நடுப்பகுதியைக் குறுகிய அறைக்கு உத்திரமாகவோ, பலகையாக அறுத்துக் கதவுக்கோ பயன்படுத்தலாம். வாளின் பல் உடையாமலிருக்க, அறுப்பதற்கு முன் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். கரையான் அரித்ததைத் தட்டிப் பார்த்தே தச்சர் கண்டுகொள்வார்.

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. மரம் பிழைக்கிறது, வீடு அழிகிறது. வீட்டைப் பழுதுபார்த்து, மரத்தை அதன் இடத்திலேயே வைப்பதே மேலான மறுபயன்பாடு.

புதுச்சேரியில் மணப்பட்டு போன்ற பாகூர்ப் பகுதி ஊர்களின் புதிய கான்கிரீட் வீடுகளில் மிஞ்சுவது வேறு: சாரத்துச் சவுக்குக் கழி, சென்ட்ரிங் பலகை, ஒட்டுப்பலகைத் துண்டு. கழி பல கட்டடங்களுக்கு உழைத்து, கடைசியில் விறகாகும். ஒட்டுப்பலகையும் பழைய ஈய வண்ணம் பூசிய மரமும் நச்சுப்புகை தருவதால் அடுப்புக்கு ஆகா. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் மரத்தைச் செங்கல், கான்கிரீட்டோடு கலக்காமல் பிரித்து வைக்கக் கூறின.