அளவுகோலுக்கு அடங்காத செடி

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டிச் செல்லும் வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையே மணற்பாங்கான நிலத்தில் வெங்காயத் தோட்டங்கள். நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இந்த மாவட்டத்துக் கரையோரச் செய்திகள் என் மேசைக்குப் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வந்தன: போர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, கஞ்சா. மூன்றாவது வகைச் செய்திக்கு மாறாத வார்ப்பு ஒன்று உண்டு. இத்தனை கிலோ, இத்தனை அடி உயரமான செடிகள், சந்தேக நபர்கள் இத்தனை பேர். எடை இருக்கும், உயரம் இருக்கும், வரலாறு மட்டும் இராது. அந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, அதாவது அச்செடியின் உயரத்தோடு மனிதன் நடத்திய நெடுங்கால வழக்கை, இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கதை நம் திருகோணமலையிலேயே தொடங்குகிறது என்பது பல வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். 1660ஆம் ஆண்டு, துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக்குடாவில், புயலில் பாய்மரத்தை இழந்து ஒதுங்கிய ஓர் ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் றொபேர்ட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் அவர் தப்பிச் சேர்ந்தார். 1681இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு குறிப்பு உள்ளது. வடக்கே வறண்ட நாட்டில் தேங்கிய குளத்து நீரைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்தபோது, ஓர் உலர்ந்த இலையை இடித்துச் சர்க்கரைக்கட்டியோடு காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்ணும் மருந்தை அவர் கற்றுக்கொண்டார். அந்த இலை கஞ்சா.

இலண்டன் திரும்பிய நொக்ஸ் இச்செய்தியைத் தம் நண்பர் றொபேர்ட் ஹூக்கிடம் கூறினார். நுண்ணோக்கியில் கண்ட உயிரணுவுக்குப் பெயரிட்ட அதே ஹூக்தான். 1689 டிசம்பர் 18ஆம் நாள் ஹூக் இச்செடியைப் பற்றி றோயல் சங்கத்தில் உரையாற்றினார். தம்மிடம் விதைகள் இருப்பதாகவும், வரும் வசந்தத்தில் அவற்றை விதைத்து, இங்கிலாந்தில் அது வளருமா, வளர்ந்தால் அதே குணம் அதற்கு இருக்குமா என்று சோதிக்கப்போவதாகவும் கூறினார். வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டில் வளர்க்கும் ஆசையின் தொடக்கப் பதிவுகளுள் இது ஒன்று. நொக்ஸின் பெயரும் ஹூக்கின் பெயரும் நிலைத்துவிட்டன. அந்த மருந்தைக் கற்றுக்கொடுத்த வன்னிக்காட்டு மனிதர் யாரென்று எந்த நூலும் சொல்லவில்லை.

ஐரோப்பா அச்செடியை முன்பே அறிந்திருந்தது; ஆனால் நார்ப்பயிராக. கயிறும் பாய்த்துணியும் வேண்டிய நாடுகள் அதை நெருக்கி விதைத்தன. நெருக்கத்தில் வளரும் செடி கிளைவிடாமல், ஒளியைத் தேடி ஒற்றைத் தண்டாக நெடிதுயரும். உயரம் அங்கே இலாபம். பூவைத் தேடுபவனின் கணக்கு நேரெதிரானது. அவனுக்கு இடைவெளி வேண்டும், கிளை வேண்டும், கத்தரிக்கும் கையும் வேண்டும்.

அந்தக் கைத்திறன் ஓர் அரசாங்க ஆவணத்தில் விரிவாகப் பதிவானது 1893 – 94இல். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட இந்திய ஆணைக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை அளித்தது. வங்காளத்தில் ராஜசாகி மாவட்டத்து நவ்காவ் பகுதியில் விவசாயிகள் நாற்றங்காலில் விதைத்து, எடுத்து நட்டு, பூக்கும் பருவத்துக்கு முன்னர் அடிக்கிளைகளை வெட்டிவிடுவார்கள். பின்னர் 'போத்தார்' எனப்படும் நிபுணரைக் கூலிக்கு அழைப்பார்கள். அவர் வயலில் நடந்து, மொட்டு விரியும் முன்பே ஆண்செடிகளை இனங்கண்டு அகற்றுவார். ஆங்கில அதிகாரிகள் அவருக்குக் 'கஞ்சா டாக்டர்' என்றே பெயர் வைத்தனர். நம் பக்கத்தில், சென்னை மாகாணத்தின் ஜவ்வாது மலையிலும் அரசின் கண்காணிப்பில் இப்பயிர் விளைந்தது. மிதமான பயன்பாட்டை முற்றாகத் தடைசெய்யத் தேவையில்லை, வரி விதித்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது ஆணைக்குழுவின் முடிவு.

இது விநோதமான கலை அன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தில் பூக்குமுன் நுனியை முறித்து, பக்கக் கன்றுகளைக் கிள்ளி, சாரத்தை இலைக்குத் திருப்புவதும் இதே அறிவுதான். மலையகத்தில் தேயிலை மரத்தை இடுப்பளவுக்கு அடக்கிவைக்கும் கவ்வாத்துக் கத்தியும் இதன் உறவே. நுனிமொட்டு பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி போனால் பக்கம் எழும். உழவன் கையால் அறிந்த இந்த உண்மைக்குத் தாவரவியல் ஹோர்மோன் விளக்கம் தந்தது 1930களில்தான்.

மற்றொரு கண்டுபிடிப்பும் இச்செடியோடு சேர்ந்தது. 1912 அளவில் ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பகற்பொழுது சுருங்கும்போது கஞ்சா இனச் செடி விரைந்து பூப்பதைக் கண்டார். முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே அவர் மாண்டார். ஆயினும் அவர் கண்ட விதிதான் பிற்காலத்தில் மூடிய அறைகளை வயலாக்கியது. 1983 முதல் கலிபோர்னியாவில் உலங்குவானூர்திகள் தோட்டங்களைத் தேடி அழித்தபோது, பயிர் வீட்டுக்குள் புகுந்தது. மின்விளக்கே அங்கே சூரியன், கூரையே வானம். விளக்கின் நேரத்தைக் குறைத்தால் பூக்கத் தொடங்கும் செடி, பூக்குமுன் சில வாரங்கள் விறுவிறுவென்று நீளும். தாழ்ந்த கூரைக்குள் அதை அடக்க, நுனியைக் கிள்ளுவதும் தண்டை வளைத்துக் கட்டுவதும் கட்டாயமாயின. நவ்காவ் விவசாயியின் கைத்திறன், அவன் பெயரின்றி, மேலைநாட்டுப் புதுமையாகத் திரும்பி வந்தது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நன்கு தெரிந்த கனடாவில் இந்த உயரம் சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. 2017 ஏப்ரலில் தாக்கலான மசோதா, வீட்டுக்கு நான்கு செடிகளை அனுமதித்து, ஒவ்வொன்றும் 100 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்றது. ஓரிரவில் ஒரு விரலளவு வளர்ந்த செடி குடிமகனைக் குற்றவாளியாக்குமா என்ற கேள்வி எழுந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நாடாளுமன்றச் சுகாதாரக்குழு அந்த வரம்பை நீக்கியது. 2018 ஒக்ரோபர் 17இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நான்கு என்ற எண்ணிக்கை இருந்தது, அளவுகோல் இல்லை.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டமே பின்வந்த திருத்தங்களோடு இன்றும் அடிப்படை. உரிமமின்றி வளர்ப்பது குற்றம். செடி ஓர் அடியா ஆறடியா என்பது பொருட்டில்லை. கஞ்சாவை நான் போற்றவில்லை. இளம்பிள்ளைகளின் மூளைக்கு அது செய்யும் தீங்கு மறுக்க முடியாதது. அதனால் குலைந்த குடும்பங்களை அறிவேன். ஆனால் ரொறன்ரோவில் கடைக்கண்ணாடிக்குள் விலைச்சீட்டோடு இருக்கும் பொருள், திருகோணமலையில் ஒரு கூலித்தொழிலாளியின் வாழ்வைச் சிறைக்குள் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே நாளிதழின் இருவேறு பக்கங்களில் அச்சிட்ட துறையைச் சேர்ந்தவன் நான். வணிகப் பக்கத்தில் அது முதலீடு; குற்றப் பக்கத்தில் சாக்குமூட்டை.

நோயாளிக்கு மருந்து சொன்ன பெயரற்ற காட்டு மனிதர், ஆண்செடியைக் களைந்த போத்தார், அடிக்கிளை வெட்டிய விவசாயி ஆகிய மூவரும் தத்தம் காலத்தில் குற்றவாளிகள் அல்லர். செடி மாறவில்லை. அதன்மேல் வைக்கப்பட்ட அளவுகோல்தான் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டறிந்து எழுதுவது இன்றைய இளம் செய்தியாளரின் கடமை. எடையையும் உயரத்தையும் பொலிசாரே சொல்லிவிடுவார்கள்.